கிழக்குக் கடற்கரையா, கொங்கணா? பைக்கில் ஆற அமரப் போக எந்தக் கரை

ஒரு வாரமோ பத்து நாளோ லீவு கிடைக்கிறது. பைக்கை எடுத்துக்கொண்டு கடலோரமாகவே போக வேண்டும், ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் தாண்டக் கூடாது, ராத்திரி பெரிய நகரத்தில் மாட்டிக்கொள்ளாமல் சின்ன ஊரில் படுக்க வேண்டும். இப்படி ஓர் ஆசை இருக்கிற தமிழ்நாட்டுக்காரருக்கு எட்டுகிற தூரத்தில் நான்கு கரைகள் இருக்கின்றன: புதுச்சேரியிலிருந்து கன்னியாகுமரி வரை நம்முடைய கிழக்குக் கரை, கேரளக் கரை, மங்களூரிலிருந்து கார்வார் வரை கர்நாடகக் கரை, அப்புறம் கோவாவுக்கும் மும்பைக்கும் நடுவே கொங்கண். எது நல்லது என்று கேட்டால் எல்லோரும் அவரவர் போய்வந்த கரையைத்தான் சொல்வார்கள். கையில் எத்தனை நாள் இருக்கிறது, எந்த மாதம், பின்னால் யார் உட்காருகிறார்கள் என்று பார்த்துப் பிரித்தால்தான் முடிவெடுக்க முடியும்.

கேரளத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். அழகில் ஒரு குறையும் இல்லை. வர்க்கலையில் செங்குத்தான செம்பாறைக்குக் கீழே கடல், கண்ணூர் பக்கம் முழப்பிலங்காட்டில் மணல்மேலேயே வண்டி ஓட்டலாம், வைப்பினிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு வண்டியோடு ஃபெர்ரியில் போகலாம். ஆனால் ஓர் ஊர் முடிந்து இன்னோர் ஊர் தொடங்குகிற இடைவெளி அங்கே கிடையாது. வீடு, மதில், கடை, பஸ் ஸ்டாப், மறுபடி வீடு என்று நாள் முழுக்கப் போகும், கால் பிரேக்கிலிருந்து எடுக்கவே முடியாது. போதாக்குறைக்கு தேசிய நெடுஞ்சாலை 66ஐ ஆறு வழியாக்கும் வேலை வேறு. ரயிலில் போய் இரண்டு மூன்று ஊர்களில் தங்குவதற்கு அந்தக் கரை அருமையானது, இந்த மாதிரிப் பயணத்துக்கு ஒத்துவராது.

மிச்சம் மூன்று. அதில் உண்மையான போட்டி நம் கிழக்குக் கரைக்கும் கொங்கணுக்கும்தான்.

கிழக்குக் கரையைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது. பெயர்தான் கிழக்குக் கடற்கரைச் சாலை, அதில் போகிறவர் கண்ணில் கடல் பெரும்பாலும் படாது. சாலை ஒன்றிரண்டு கிலோமீட்டர், சில இடங்களில் அதற்கும் மேலே உள்ளே தள்ளித்தான் ஓடுகிறது. வயல், உப்பளம், சவுக்குத்தோப்பு, கருவேலங்காடு, நடுவில் ஒரு டோல்கேட். அந்தச் சாலையிலேயே நேராக ஓட்டி ராமநாதபுரம் போய்ச் சேர்ந்து "ஒண்ணுமே இல்லையே" என்று வருத்தப்பட்டவர்கள் நிறைய உண்டு. அந்தக் கரையின் அழகு முழுக்க இடப்பக்கம் பிரியும் சின்ன ரோடுகளின் முனையில் இருக்கிறது. அந்த முனைகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்த் திரும்பத் தயாராக இருந்தால் மட்டும் இந்தக் கரையை எடுங்கள்.

சென்னையிலிருந்து புதுச்சேரி வரைக்கும் வார இறுதிக் கூட்டம், அதை விட்டுவிடலாம். புதுச்சேரி முதல் நாகப்பட்டினம் வரையிலும் நான்கு வழிச் சாலை வந்து லாரிகளும் கார்களும் பறக்கின்றன, ஆகவே அங்கே பழைய ரோட்டில் ஊருக்குள் போய்வருவதுதான் சரி. சிதம்பரம் தாண்டி பூம்புகார், அங்கிருந்து தெற்கே தரங்கம்பாடி. ராத்திரி தங்க என் முதல் தேர்வு தரங்கம்பாடிதான். டேனிஷ்காரர்கள் 1620ல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது, ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706ல் வந்து இறங்கிய ஊர், 1718ல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது, கொஞ்சம் தள்ளி மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. இத்தனையும் நடந்தே பார்த்து முடிக்கிற அளவுக்குச் சின்ன ஊர். சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டால் காலை வரை சாவியைத் தொட வேண்டாம்.

அடுத்து காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி வழியாக வேதாரண்யம். இந்தப் பகுதியில் 2004 சுனாமி செய்த சேதம் கொஞ்சநஞ்சமில்லை, கரையோரத்தில் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்புகள் வரிசை வரிசையாக வரும்போது வண்டி தானாகவே மெதுவாகிறது. வேதாரண்யத்தில் 1930ல் ராஜாஜி தலைமையில் உப்பெடுத்த இடம், அதைச் சுற்றி இன்றும் உப்பளம்தான். கோடியக்கரைக் காட்டில் வெளிமான், குளிர்காலத்தில் பூநாரை. முத்துப்பேட்டையில் அலையாத்திக் காட்டுக்குள் படகு. அப்புறம் அதிராம்பட்டினம் தாண்டி மனோரா, நெப்போலியனின் தோல்வியைக் கொண்டாட தஞ்சாவூரின் இரண்டாம் சரபோஜி எழுப்பிய எட்டடுக்குக் கோபுரம். மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் எல்லாம் பயணப் புத்தகங்களில் அவ்வளவாக வராத ஊர்கள். எனக்கு இந்தக் கரையில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இங்கே யாரும் உங்களைச் சுற்றுலாப் பயணியாகப் பார்ப்பதில்லை, டீக்கடையில் "எந்த ஊரு தம்பி, எங்க போறீங்க" என்று கேட்டுவிட்டு அவர்களே அடுத்து எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள்.

ராமேஸ்வரத்துக்கு இரண்டு ராத்திரி ஒதுக்குங்கள். பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது என்பார்கள், ஆனாலும் எல்லோரும் நிறுத்துகிறார்கள், காற்றில் லேசான வண்டி சாய்ந்துவிடும் என்பதால் நீங்கள் நிறுத்தாமல் போவதே மேல். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கும் அதைத் தாண்டி அரிச்சல்முனைக்கும் 2017லிருந்து நல்ல தார்ச்சாலை இருக்கிறது. இரண்டு பக்கமும் கடல். இந்தியாவில் இப்படி ஒரு ரோடு கிடைப்பது அபூர்வம், அங்கே காலையில் முதல் ஆளாகப் போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் வேன்களும் வெயிலும் சேர்ந்து அந்த இடத்தைக் கெடுத்துவிடுகின்றன.

தூத்துக்குடிக்குத் தெற்கே போனால் மண்ணே நிறம் மாறுகிறது. திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், உடன்குடி வட்டாரம் முழுக்கத் தேரி என்கிற செம்மணல் மேடும் பனைமரமும். பங்குனி பக்கம் போனால் ரோட்டோரத்தில் பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றித் தருவார்கள். பட்டையை இரண்டு கையாலும் குவித்துப் பிடிக்க வேண்டும், ஒரு கை தளர்ந்தாலும் மடிப்பு பிரிந்து சட்டையில் கொட்டும், அதனால் ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்துவிட்டு, குனிந்து நின்றபடி, ஒரே மூச்சில் குடிக்க வேண்டியிருக்கும். கொஞ்சம் சுண்ணாம்பு வாசனை, ஓலையின் பச்சை வாசனை, அப்புறம்தான் இனிப்பு. கேட்டால் நுங்கையும் அதிலேயே வழித்துப் போட்டுத் தருவார்கள். அங்கிருந்து மணப்பாடு பக்கம்தான். மணல்குன்றின் உச்சியில் திருச்சிலுவைக் கோயில், கீழே 1542ல் புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை, ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் அமைதியான உப்பங்கழி. குன்றின்மேல் ஏறி உட்கார்ந்தால் இரண்டு நிறத் தண்ணீரும் ஒரே பார்வையில் தெரியும். அதற்குத் தெற்கே உவரி, கூடங்குளம், கன்னியாகுமரி. தனுஷ்கோடி போய்த் திரும்புவதையும் சேர்த்து மொத்தம் ஏறத்தாழ 750 கிலோமீட்டர் வரும், இடப்பக்கத் திருப்பங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

சரி, கொங்கண்.

அங்கே மலை கடல் வரைக்கும் இறங்கி வருகிறது. ஆகவே ரோடு ஏறி, இறங்கி, வளைந்து, ஒவ்வோர் ஏற்றத்தின் உச்சியிலும் கடலைக் காட்டிவிட்டு மறுபடி முந்திரித் தோப்புக்குள் மறைகிறது. பகலெல்லாம் ஓட்டினாலும் சராசரி வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டுவது கஷ்டம். கிழக்கே மெதுவாகப் போவதற்கு நாம்தான் மனதைக் கட்ட வேண்டும், இங்கே ரோடே அதைப் பார்த்துக்கொள்ளும். கோவாவின் வடமுனையில் கேரியிலிருந்து தெரேகோலுக்கு ஃபெர்ரியில் ஏறினால் தொடங்குகிறது: ரேடி, வெங்குர்லா, மால்வண், தேவ்கட், விஜய்துர்க், ரத்னகிரி, கணபதிபுலே, குஹாகர், தாபோலி, ஹர்ணை, ஹரிஹரேஷ்வர், ஸ்ரீவர்தன், திவேஆகர், முருட், அலிபாக். ஐந்நூறு கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் எட்டு நாளுக்குக் குறைத்து அதைச் செய்வதில் அர்த்தமே இல்லை.

இந்தக் கரையின் உயிர் ஃபெர்ரிகள். சஹ்யாத்ரி (மேற்குத் தொடர்ச்சி) மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் கடலில் சேருகிற இடத்தில் அகலமான கழியாகிவிடுகின்றன. பாலம் வழியாகப் போக வேண்டுமானால் பல இடங்களில் வெகுதூரம் உள்நாட்டுக்குள் சுற்ற வேண்டும். அதனால் சாஸ்திரி ஆற்றின் குறுக்கே ஜெய்கட்–தவ்சாள், வாசிஷ்டியில் தோபாவே–தாபோள், சாவித்திரியில் வேஷ்வி–பாக்மண்ட்லா, ராஜபுரிக் கழியில் திகி–அகர்தாண்டா என்று வண்டிகளை ஏற்றும் தட்டைப் படகுகள் ஓடுகின்றன. ரோடு நேராகத் தண்ணீருக்குள் இறங்கி முடிந்துவிடும். நீங்கள் அங்கே நின்று காத்திருக்க வேண்டும். படகு வந்து மூக்கிலிருக்கும் இரும்புப் பலகையைச் சரிவில் தட்டென்று இறக்கும், உள்ளே இருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன் கூடைக்காரர்கள், ஒரு பஸ், நான்கு கார் எல்லாம் வெளியேறும், அப்புறம் டூவீலர்களைக் கையசைத்துக் கூப்பிடுவார்கள். அந்தப் பலகை எப்போதும் ஈரம். முதல் கியரில், பிரேக்கைத் தொடாமல், நேராக ஏற வேண்டும். ஏறியதும் கியரில் போட்டு சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, அக்கரை சேரும் வரை ஒரு கையை ஹேண்டில்பாரில் வைத்திருப்பது நல்லது. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் அக்கரை. காலையிலிருந்து வளைவிலேயே கண்ணாக இருந்த உடம்புக்கு அந்தச் சின்ன இடைவேளை எவ்வளவு பெரிய ஓய்வு என்பது அனுபவித்தால்தான் தெரியும். கடைசியில் மாண்ட்வாவிலிருந்து மும்பைக்கும் 2020லிருந்து வண்டி ஏற்றும் பெரிய கப்பல் இருக்கிறது, மும்பைப் புறநகர் நெரிசலைத் தொடாமல் நகருக்குள் இறங்கிவிடலாம்.

ஊர்களும் குறைந்தவை இல்லை. மால்வணில் கடலுக்குள் சிவாஜி 1664ல் கட்டத் தொடங்கிய சிந்துதுர்க் கோட்டை. முருடில் மராட்டியர்களால் கடைசி வரை பிடிக்க முடியாத ஜஞ்சிரா, ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகளின் கோட்டை. ரத்னகிரியில் பர்மாவின் கடைசி மன்னர் தீபாவை ஆங்கிலேயர் கொண்டுவந்து வைத்திருந்த அரண்மனை, அவர் 1916ல் அங்கேயே இறந்தார். ஹர்ணையில் சாயங்காலம் மணலிலேயே மீன் ஏலம், படகுக்கும் கரைக்கும் நடுவே மாட்டுவண்டிகள் அலைக்குள் இறங்கி மீனை ஏற்றிவரும். ரோடு என்று பார்த்தால் ரத்னகிரிக்கும் கணபதிபுலேவுக்கும் நடுவே ஆரே–வாரே கடற்கரையை மேலிருந்து காட்டும் மலைச்சரிவும், ஸ்ரீவர்தனிலிருந்து திவேஆகர் வரை கடலை ஒட்டியே போகும் துண்டும் இந்த நான்கு கரைகளிலும் மிகச் சிறந்தவை என்று தயங்காமல் சொல்வேன். தனுஷ்கோடி மட்டும் அதற்கு ஈடு.

கர்நாடகக் கரை இரண்டுக்கும் நடுவே. மங்களூர்–கார்வார் 270 கிலோமீட்டர், பெரும்பாலும் நான்கு வழி நெடுஞ்சாலை, டேங்கர் லாரிகள் அதிகம். மரவந்தையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சௌபர்ணிகா ஆறு என்று வரும் காட்சியை நெடுஞ்சாலையிலிருந்தே பார்க்கலாம். ஆனால் காபு கலங்கரை விளக்கத்திலிருந்து மால்பே பக்கம் மட்டு வழியாகப் போகும் கடலோர ரோடு, ஆறும் கடலும் சேரும் கோடி பெங்க்ரே, ஹொன்னாவர், கும்டா பக்கத்து மீர்ஜான் கோட்டை, கோகர்ணம் என்று பொறுக்கியெடுத்துப் போனால் நான்கு நாளுக்கு நிறைவாக இருக்கும். நான்கே நாள் இருக்கிறவருக்கு இதுதான் பதில், மேற்கொண்டு யோசிக்க வேண்டாம். கோயம்புத்தூர், சேலம் பக்கத்துக்காரர் கொங்கணுக்கு ஓட்டிக்கொண்டே போவதாக இருந்தாலும் இது வழியிலேயே வருகிறது.

இனி முடிவை மாற்றக்கூடிய விஷயங்கள்.

மாதம். கிழக்கே ஐப்பசி, கார்த்திகையில் போகவே கூடாது, வடகிழக்குப் பருவமழையும் புயலும் அந்த நேரத்தில்தான். ஜனவரி பொங்கல் கழிந்து மார்ச் பாதி வரை சரியான காலம். ஆனி, ஆடியில் தூத்துக்குடிக்குத் தெற்கே பக்கவாட்டில் அடிக்கும் காற்று வண்டியைத் தள்ளும், மணலும் கண்ணில் அப்பும். கொங்கணில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழை, ஃபெர்ரிகளையும் நம்ப முடியாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே அருமையாக இருக்கும். ஆக நவம்பரில் லீவு என்றால் கேள்வியே இல்லை, கொங்கண்தான். மார்ச்சில் என்றால் கிழக்கு.

கூட்டம். திருச்செந்தூர் பக்கம் தைப்பூசத்துக்கும் கந்தசஷ்டிக்கும், வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் 8 வரையிலும், குலசேகரன்பட்டினத்தில் தசராவுக்கும் அறை கிடைக்காது, ரோடு முழுக்கப் பாதயாத்திரை ஆட்கள் நடப்பார்கள். கொங்கணில் சனி ஞாயிறும் கிறிஸ்துமஸ் வாரமும் மும்பை, புனேக் கார்கள் குவியும். அலிபாக், கணபதிபுலேவை வார நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியும் பின்சீட்டும். கிழக்கு முழுக்கச் சமதளம், 100 சிசி வண்டியோ ஸ்கூட்டரோ போதும், பின்னால் மனைவியோ அப்பாவோ உட்கார்ந்தாலும் முதுகு வலிக்காது. கொங்கணில் கொண்டைஊசி வளைவும், வளைவில் உதிர்ந்த ஜல்லியும், சில இடங்களில் செங்குத்தான ஏற்றமும் உண்டு. தனியாகப் போனால் சின்ன வண்டியிலும் முடியும், இரண்டு பேர், இரண்டு பை என்றால் 150 சிசிக்குக் குறையாத வண்டி தேவை. பின்சீட்டில் உட்காருகிறவருக்கு வளைவில் குமட்டல் வரும் என்றால் கிழக்கே போங்கள். இது சின்ன விஷயமில்லை, இரண்டு பேரில் ஒருவர் வதங்கிப்போனால் பயணமே வீண்.

சூரியன். கிழக்குக் கரை விடிகாலைக்கு உரியது. ஐந்தரைக்குக் கிளம்பி, ஏதாவது ஒரு முனையில் சூரியன் கடலிலிருந்து எழுவதையும் படகுகள் கரையேறுவதையும் பார்த்துவிட்டு, பதினோரு மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும். கொங்கண் சாயங்காலத்துக்கு உரியது, காலையில் நிதானமாக எழுந்து போஹா (அவல் உப்புமா) சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். எட்டு மணிக்கு முன்னால் எழுந்திருக்காதவர்கள் கிழக்கே போய் வெயிலில் வாடாதீர்கள்.

திசை. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், கடல் இடப்பக்கம் இருந்தால் நினைத்த இடத்தில் எதிர்வண்டியை மறிக்காமல் ஒதுங்கி நிற்கலாம். அதனால் கிழக்கே வடக்கிலிருந்து தெற்கு, மேற்கே தெற்கிலிருந்து வடக்கு. மேலே கொங்கண் ஊர்களை கோவாவிலிருந்து மும்பை நோக்கி வரிசைப்படுத்தியதும் இதற்காகத்தான்.

சாப்பாடு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கொங்கணில் வீட்டு மாடியில் அறை கொடுத்து அவர்களே சமைத்துப் போடுகிற வழக்கம் உண்டு. பாக்ரி என்கிற அரிசிமாவு ரொட்டி, தேங்காய் அரைத்த மீன் குழம்பு, சுர்மை வறுவல் (அது நம்ம வஞ்சிரம்தான்), கடைசியில் கோகம் என்ற புளிப்புப் பழமும் தேங்காய்ப்பாலும் சேர்த்த சோல்கடி பானம். காலையிலேயே சொல்லிவைத்தால்தான் உலை வைப்பார்கள், ராத்திரி ஒன்பது மணிக்குப் போய் நின்றால் பட்டினி. கிழக்கே அந்தக் கவலை இல்லை. கீழக்கரையின் தொதல் இனிப்பு, தூத்துக்குடி பரோட்டாவும் மக்ரூனும், உடன்குடிக் கருப்பட்டியில் போட்ட காப்பி என்று ஊருக்கு ஊர் ருசி மாறிக்கொண்டே போகும், பசித்த நேரத்தில் ஏதாவது ஒரு கடை திறந்திருக்கும்.

அப்புறம் போய்ச்சேரும் செலவு. கிழக்கே வீட்டு வாசலிலிருந்தே கிளம்பலாம். கொங்கணுக்குச் சென்னையிலிருந்து கோவா போவதே இரண்டு நாள் ஓட்டம், முடிவில் மும்பையிலிருந்து வண்டியை ரயில் பார்சலில் அனுப்ப வேண்டும். பெட்ரோலை முழுக்க வடித்து, ஆர்சி நகல் கொடுத்து, சாக்கும் அட்டையும் சுற்றி அனுப்புவதற்கு ஒரு நாள் தனியாகப் போகும். இல்லையென்றால் கோவாவில் வாடகை வண்டி எடுத்து, மால்வண் வரையோ ரத்னகிரி வரையோ போய்த் திரும்பலாம். வெளி மாநிலம் போக அனுமதி உண்டா என்று எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் தீர்ப்பு இது. முதல் முறை கடலோரம் போகிறவர், ஒரு வாரம் உள்ளவர், ஜோடியாகப் போகிறவர், ஊர்க்காரர்களோடு பேசிக்கொண்டே போக விரும்புகிறவர் எல்லோரும் தரங்கம்பாடியிலிருந்து மணப்பாடு வரைக்கும் போங்கள். மொழி தெரிந்த கரையில் கிடைக்கிற பேச்சு வேறெங்கும் கிடைக்காது. வண்டி ஓட்டுவதே இன்பம் என்று இருப்பவர், பத்து நாளும் நல்ல வண்டியும் உள்ளவர் கொங்கண் போங்கள்.

இரண்டுக்கும் வாய்ப்பு இருந்து எதை முதலில் செய்வது என்று மட்டும் குழப்பம் என்றால், கொங்கணை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். ரேவஸ் முதல் ரேடி வரை கடலோர நெடுஞ்சாலை என்ற திட்டத்தில் மகாராஷ்டிர அரசு இந்தக் கழிகளின் மேல் பாலங்கள் கட்டும் வேலையில் இறங்கியிருக்கிறது. அங்கே இருக்கிற மக்களுக்கு, முக்கியமாக ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்களுக்கு, அது அவசியம் வர வேண்டிய பாலம்தான். வந்துவிட்டால் ஃபெர்ரிகள் எத்தனை நாள் ஓடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே தீபாவளி கழிந்ததும் கிளம்புகிற மாதிரி லீவு போடுங்கள், மால்வணிலும் ஹர்ணையிலும் அறைக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், மற்ற ஊர்களில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். தினமும் சாயங்காலம் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி, செயினுக்கு எண்ணெய் விடுங்கள், உப்புக்காற்று இரண்டே நாளில் துருவைக் காட்டிவிடும். பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டால் பாதி டேங்க் இருந்தாலும் நிரப்பிக்கொள்ளுங்கள்.